கத்தி தீட்ட எங்கே போவது? ஜார்ஜ்டவுனில் ஓர் அஞ்சடிக் கடை

மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் கத்தி தீட்ட வேண்டுமா, லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பித்தளைப் பாத்திரமும் இடியாப்ப உரலும் தொங்கும் ஒரு சாமான் கடையின் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரைபோட்ட நடைபாதையில், முக்காலி போட்டு ஓர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் ஊறும் கற்கள், பக்கத்தில் மடித்துப் போட்ட ஈரத்துணி. அதுதான் அடையாளம். கடை அவருடைய தம்பி மகன் நடத்துவது. வாசல் மட்டும் இவருடையது.

நான் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறவள். வீடு பட்டர்வொர்த்தில். காதுகுத்து, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம், கோவில் அன்னதானம் என்று வருஷம் முழுக்க வெங்காயத்தோடுதான் குடித்தனம். கூட வேலை செய்யும் பெண்களுக்கு ஆளுக்கொரு கத்தி. கத்தி மழுங்கினால் வெங்காயம் நசுங்கும், நசுங்கினால் கண் எரியும், கண் எரிந்தால் கை நிற்கும், கை நின்றால் பத்தரைக்கு இறக்க வேண்டிய சாம்பார் பன்னிரண்டுக்குத்தான் இறங்கும். அதனால் தீட்டும் கூலியைச் சமையல் கேஸ் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிடுவேன்.

கூலியைச் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். காய் நறுக்கும் சின்னக் கத்தி 6 வெள்ளி (ரிங்கிட்), பெரிய கத்தி 10, இறைச்சி வெட்டும் கனத்த கத்தி 15, அரிவாள்மணை 20. பாராங்குக்கு, அதாவது காடு வெட்டும் பெரிய கத்திக்கு, கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் விலை சொல்வார். மலிவு என்று சொல்ல மாட்டேன். பசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், ஒரு கத்திக்கு 3 வெள்ளி வாங்கிக்கொண்டு, நீங்கள் பணத்தை எடுப்பதற்குள் தீட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இவரிடம் ஒரு கத்திக்குக் கால் மணி நேரமாவது ஆகும்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்று நின்று பார்த்தால் கூலி ஏன் அவ்வளவு என்பது புரியும். கத்தியை வாங்கியதும் கல்லில் வைக்க மாட்டார். "இதுல என்னம்மா வெட்டுறே?" என்பது முதல் கேள்வி. கீரையும் வெங்காயமும் நறுக்கும் கத்திக்கு ஒரு சாய்வு, கோழி எலும்பு பிளக்கும் கத்திக்கு ஒரு சாய்வு. மெல்லிய சாய்வில் தீட்டிய கத்தியை எலும்பில் போட்டால் விளிம்பு சில்லுச் சில்லாய்த் தெறித்துவிடும். கனத்த சாய்வில் தீட்டியதைத் தக்காளியில் வைத்தால் வழுக்கும். அப்புறம் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறார். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் இருந்தால் அங்கே வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைக் கோடு மின்னும். என் கத்திகளில் எப்போதும் அடிப்பாகம் கூராகவே இருக்கும், நுனியிலிருந்து நடுவரை வெள்ளைக்கோடு ஓடும். எல்லாரும் நுனியை ஊன்றி ஆட்டி நறுக்குகிறவர்கள், அவ்வளவுதான்.

முதலில் சொரசொரப்பான கல். கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ ஒரு விரல் கனம் உயர்ந்திருக்கும். அந்த உயரம் கடைசி வரை மாறாது. கையில் இருக்கிற நிதானமெல்லாம் அதுதான். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் நூல் போலப் பிசிறு எழும்பும். அது நுனியிலிருந்து அடிவரை விடாமல் எழும்பினால்தான் விளிம்பு வரை கல் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலைக் குறுக்கே இழுத்துப் பார்க்கிறார், ஒருபோதும் நெடுகப் பார்ப்பதில்லை. பிசிறு எழும்பிய பிறகு கத்தியைத் திருப்பி அந்தப் பக்கம். அப்புறம் நடுத்தரக் கல், அப்புறம் வழவழப்பான கல். கல்லின் முதுகில் 400, 1000, 3000 என்று எண் போட்டிருக்கிறது. எண் கூடக் கூடத் துகள் நுணுக்கம். கடைசியில் ஒரு தோல்வாரில், கூர்ப்பக்கம் பின்னால் வரும்படி நாலு இழுப்பு. அதோடு பிசிறு போய்விடும். தக்காளி ஒன்றை எடுத்து, கத்தியை அழுத்தாமல் அதன் கனத்திலேயே விட்டு இழுப்பார். தோல் விலகினால் கத்தி உங்களுடையது. விலகாவிட்டால் மறுபடி கல்.

மின்சாரக் கல்லில் ஏன் கூடாது என்கிறீர்களா? எல்லா மின்சாரக் கல்லும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் கல்லில் பொறி பறக்கப் பிடிப்பதுதான் வினை. மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிவிடும். இரும்பு முதலில் வைக்கோல் நிறம் காட்டும், பிறகு ஊதா, முந்நூறு டிகிரியை நெருங்கும்போது நீலம். நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் கொல்லன் கொடுத்த பதம் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் ரெண்டு நாளைக்கு மேல் கூர் நிற்காது. என் மகன் ஒரு பேரங்காடிக் கடையில் கொடுத்து வாங்கி வந்த இறைச்சிக் கத்தி அப்படித்தான் வந்தது, நுனியில் மயில் கழுத்து நிறத்தோடு. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நீலம் போற வரைக்கும் தேய்க்கணும், கத்தி ஒரு நெல்லளவு குறுகிடும், சரியா?" என்று கேட்டுத்தான் கை வைத்தார். குறுகினாலும் இப்போது நன்றாக வெட்டுகிறது.

நான் பிறந்தது கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்து வீட்டில் மொத்தமாக நாலைந்து கூர்ச்சாமான்தான். அம்மாவின் அரிவாள்மணை, அப்பாவின் பால்வெட்டும் கத்தி, கொல்லைக்கு ஒரு பாராங், பாட்டியின் பாக்குவெட்டி. மீன் அரிய, வாழைத்தண்டு அரிய, தேங்காய் துருவ எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அரிவாள்மணை. இப்போது என் மருமகள் வீட்டில் மரக்கட்டையில் சொருகியபடி பதினோரு கத்தி நிற்கிறது, பொட்டலம் பிரிக்கக் கத்தரிக்கோலைத் தேடுகிறார்கள்.

அரிவாள்மணையில் கத்தி நிற்கும், காய்தான் போய் வரும். இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும், காலால் பலகையை மிதித்துக்கொள்வோம். வழுக்கும் மீனைச் சாம்பல் தொட்டுப் பிடித்து அதில் செதிள் எடுத்து அரிவதற்கு ஈடான சாமான் இன்னும் வரவில்லை. எனக்கு இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

அதன் பராமரிப்பைத்தான் சொல்ல வேண்டும். வெறும் இரும்பு, ஈரத்தோடு விட்டால் விடிவதற்குள் சிவந்துவிடும். தோட்டத்து மழையில் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் அம்மா ஒரு கை தண்ணீர், ஒரு துணித் துடைப்பு, பிறகு அடுப்புச் சூடு படும் இடத்தில் கொஞ்ச நேரம், கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்ட விரலை இரண்டு பக்கமும் ஓட்டுவார். பிறகு கூர்ப்பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைப்பார். துரு தலைகாட்டினால் புளியைக் கரைத்துப் பூசி, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார். புளியின் புளிப்பு துருவைக் கரைக்கும், மிச்சத்தைச் சாம்பல் அறுக்கும். வாழைக்காயும் வாழைப்பூவும் அரிந்து அரிந்து இரும்பு கறுத்துப்போயிருக்கும். அந்தக் கறுப்பை அம்மா தேய்த்து எடுக்கவே விடமாட்டார். காயின் துவர்ப்பும் புளிப்பும் பட்டு ஏறிய அந்தக் கறுப்புத் தோல் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும். அண்ணனும் இதையே சொல்கிறார். கறுத்த கத்தியைக் கொண்டுபோனால் விளிம்பை மட்டும் வெள்ளையாக்கிவிட்டு மேலே இருப்பதைத் தொடாமல் திருப்பித் தருவார். பளபளவென்று வேண்டும் என்று கேட்டுச் சண்டை போட்ட ஒரு அம்மாவையும் அங்கே பார்த்தேன்.

பாட்டி ஒரு காலத்தில் துரை பங்களா அடுப்படியில் வேலை செய்தவர். துரைமார் சாப்பிட்டு முடித்த மேசைக் கத்திகளைக் கழுவினால் மட்டும் போதாது, ஊறுகாயோ எலுமிச்சையோ பட்டால் கறை ஏறிவிடும் என்பார். தோல் ஒட்டிய பலகையில் நுண்ணிய செங்கல் பொடியைத் தூவி, ஒவ்வொரு கத்தியாக வைத்துத் தேய்க்க வேண்டும். சீமையில் இதற்கென்றே சம்பளம் வாங்கும் பையன்கள் இருந்தார்களாம். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழலின் உள்பக்கம் சீக்கிரம் தேயாமலிருக்க என்ன கலக்கலாம் என்று தேடப்போய், ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகைக் கண்டுபிடித்தார். அந்த ஊர்க் கத்திக்காரர்களே முதலில் நம்பவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். கேலியில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. துருப்பிடிக்காது என்றதும் துடைப்பதை விட்டோம், துடைப்பதை விட்டதும் விளிம்பைப் பார்ப்பதையும் விட்டோம்.

அப்பாவின் பால்வெட்டும் கத்திக்கு வருகிறேன். கடைகளில் ஜெபோங் கத்தி என்று கேட்டால் கொடுப்பார்கள். நுனி இரண்டு சிறகாக மடங்கியிருக்கும், இழுத்து வெட்டுவது. மரப்பட்டையில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்வான கோடு; ஒவ்வொரு முறையும் அதே கோட்டின் கீழ் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் சீவ வேண்டும். உள்ளே பட்டையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு விட்டுவைக்க வேண்டும். அதைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் காயம். காயம் விழுந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் தோட்டத்து எழுத்தரான கிராணியிடமும் ஏச்சு. மழுங்கிய கத்தியானால் பட்டை சீவாமல் பிய்யும், பால் கோட்டில் ஓடாமல் வழிந்து, பால் பிடிக்கும் மங்குக்குள் விழாமல் மரத்தில் இறங்கும். அன்றைக்குச் சம்பளம் அம்பேல்.

அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் சின்னக் கோடரியால் கொத்தித்தான் எடுத்தார்கள். அதே கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவினால் மரம் சாகாது, பாலும் கூடும் என்று 1890களில் செய்து காட்டியவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி. மலாயாவில் ரப்பர் நிலைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் அந்த வித்தை விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன எங்கள் ஆட்களின் மணிக்கட்டிலும், அவர்கள் கத்தியின் விளிம்பிலும்தான் இருந்தது.

பிரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன் அல்ல, முந்தின சாயங்காலமே அப்பா தீட்டி வைத்துவிடுவார். சிறகின் வெளிப்பக்கத்துக்கு ஒரு கல், மடிப்பின் உள்பக்கத்துக்கு விரல் கனத்தில் ஒடுங்கிய ஒரு கல். கல்லில் எண்ணெய் இல்லை, தண்ணீர்தான். தீட்டியதை எங்கள் கையில் தரமாட்டார். துணியில் சுற்றி மோட்டுவளைக்கு அடியில் சொருகிவிடுவார். அதைக்கொண்டு கயிறு அறுப்பதோ பென்சில் சீவுவதோ நடக்கவே நடக்காது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள், அதனால் கீழே வைப்போம், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, பாராங், பால்வெட்டும் கத்தி எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து சாமிக்கு முன்னால் வரிசையாகிவிடும். தோட்டத்து முனியாண்டி கையிலும் அரிவாள் உண்டு, அதையும் யாராவது ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை தேய்த்து எண்ணெய் போடுவார்.

இதையெல்லாம் ஏன் ஒரு கடை விமர்சனத்தில் எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு வீட்டில் அப்பாவும் அம்மாவும் பார்த்த வேலையைத்தான் இந்த அண்ணன் இப்போது கூலிக்குச் செய்கிறார். அப்பாவின் பழைய கத்தியை அவரிடம் காட்டியபோது தொட்டியிலிருந்து ஒடுங்கிய கல்லைத் தேடி எடுத்தது எனக்குப் போதுமாக இருந்தது. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கம் பனையேறியாம். பாளை சீவும் அரிவாளைக் கல்லில் தீட்ட மாட்டார்களாம். மரப்பலகையில் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லைப் பொடி செய்து தூவி அதில் தேய்ப்பார்களாம். அப்படி ஒரு பலகையை இவரும் செய்து வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுவார். கேட்காமலும் காட்டுவார்.

சரி, குறைகள். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஆகாது. போனில் முன்பதிவு கிடையாது, போனே எடுக்க மாட்டார். உட்கார நாற்காலி இல்லை. பல் வைத்த ரொட்டிக் கத்தி, பீங்கான் கத்தி இரண்டையும் தொடமாட்டார். பேச்சு ஜாஸ்தி. ஆயுத பூஜையை ஒட்டிக் கல் ஓய்வில் இருக்கும், தைப்பூசத்துக்கு முந்திய வாரமோ தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்கள் எல்லாரும் கத்தியோடு வந்து நிற்பார்கள். முன்பின் தெரியாத இளவட்டங்கள் பாராங் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார். "வாழை வெட்டத்தான்" என்று சத்தியம் செய்தாலும் ஒத்துக்கொள்வதில்லை. சிலருக்கு இது கோபம் வரும், எனக்கு வராது.

அங்கே விற்கும் சாமான்களிலும் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்டெயின்லெஸ் அரிவாள்மணை பார்க்க அழகு. தகடு மெல்லிசு, திருகாணி ஆடுகிறது, பூசணிக்காய்க்கு முன்னால் வளைந்து கொடுக்கும். இரும்பில் வருவது எப்போதாவதுதான் வரும். சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள், அதற்காகக் காத்திருக்கலாம். தாய்லாந்திலிருந்து வரும் மெல்லிய காய்க்கத்திகள் நல்ல சாமான்: விலை குறைவு, சுலபமாகக் கூர் ஏறும், கீரைக்கும் வெங்காயத்துக்கும் அதைவிட வேண்டியதில்லை. என் ஆட்கள் கையில் இருப்பவை அவைதான்.

பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தான். நான் கத்திகளைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி, இறங்கி, ஜார்ஜ்டவுன் பக்கப் படகுத்துறை இருக்கும் வெல்ட் கீயிலிருந்து நடந்துவிடுவேன். காருக்கு இடம் தேடி லிட்டில் இந்தியாவைச் சுற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கத்தியைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு தெருவில் போகக்கூடாது. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு. ஒவ்வொரு கத்தியையும் செய்தித்தாளில் சுற்றி, துணியில் கட்டி, மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். தீட்டி முடித்ததும் சீட்டு கேட்டு வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருகிறார், தானாகத் தருவதில்லை.

தீட்டி வாங்கிய கத்தி எவ்வளவு நாள் தாங்கும் என்பது உங்கள் கையில். கண்ணாடிப் பலகையில் நறுக்கினால் அன்றே போய்விடும். மரப்பலகையோ கெட்டி பிளாஸ்டிக்கோ போதும். நறுக்கியதைக் கூர்ப்பக்கத்தால் வழித்துத் தள்ளாதீர்கள், முதுகைத் திருப்பித் தள்ளுங்கள். தொட்டியில் மற்ற பாத்திரங்களோடு ஊறப் போடாதீர்கள். நடுவில் கொஞ்சம் மந்தமானால் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, பளபளப்பு இல்லாத அடிவிளிம்பில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு இழுங்கள். அம்மா காலத்து வழிதான், அண்ணனும் ஆமோதிக்கிறார். இருபது வெள்ளிக்கு விற்கும், கத்தியை இடுக்கில் விட்டு இழுக்கிற கருவியை மட்டும் அவரிடம் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள். அது விளிம்பைச் சுரண்டி எடுப்பதைப் பற்றி அரைமணி நேரம் கேட்க வேண்டியிருக்கும், உங்கள் கத்தி அதுவரை தொட்டியிலேயே கிடக்கும்.

காலை பத்து மணிக்கு மேல், திங்கட்கிழமை நீங்கலாக. கத்தியைக் கொடுத்துவிட்டுப் பசியாறப் போய்விடுங்கள். ரொக்கம்தான், கார்டு எடுப்பதில்லை. சில்லறையாகக் கொண்டுபோனால் முகம் மலரும்.